பழைய ரீல் கொண்டு தூண்டில் வீசும் முறை

கரையில் நின்று தொலைவில் தூண்டில் வீசுவதற்கு உதவும் நூற்சக்கரத்தை ரீல் என்பர். பல்சக்கரம் பொருந்திய ரீல் அமெரிக்காவில் கென்டக்கி மாகாணத்தில் செப்பம் பெற்றதாகும். அம்மாகாணத்தில் பாரிஸ் என்னும் ஊரிலிருந்த ஜார்ஜ் ஸ்னைடர் என்ற கடியாரத் தொழிலாளி 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் இதனைச் செய்தார். பின்னர் பிராங்க்போர்ட் நகரில் மீக் சகோதரர்கள் இத்தொழிலை விருத்தி செய்தனர். கடியார வேலைப்பாட்டின் நுட்பம் அமைந்தமையால், நூறாண்டு கடந்த ரீல்களுள் பல இன்றும் பழுதின்றிச் சுழல்கின்றன. எனினும் முறையறியாது வீசுவோர்க்கு நூற்சிக்கலும் விரற்காயமுமே பலனாகும்.

அமைப்பு

கைப்பிடியை ஒரு முறை சுற்றினால் நூற்கட்டை பெரும்பாலும் நான்கு முறை சுழலும். இதனால் நூலை விரைவில் இழுத்துக்கொள்ளலாம். ஆனால் நூல் வெளியே ஓடும்போது கைப்பிடியும் பின்னோக்கிச் சுழலும். பெரிய மீன் இழுத்து ஓடுங்கால் கைப்பிடியைப் பற்ற முயன்றால் விரல் முட்டிகளில் பலமாக அடிபடும். அப்போது கைப்பிடியை விட்டுவிட்டு, பெருவிரலால் நூற்கட்டையை அழுத்தித் தடை செய்தல் வேண்டும். பெருவிரலுக்குத் தோலுறை அணிவது நன்று.

நூல் சிக்குவதன் காரணம்

வீசிய இரை காற்றின் தடையால் வரவர வேகம் குறையும். நூற்கட்டையோ பெற்ற வேகத்திலேயே சுழன்றுகொண்டிருக்கும். இரை இழுப்பதைவிட மிகுதியாக வெளிப்படும் நூல் தொய்ந்து, கட்டையைச் சுற்றிக் குருவிக்கூடுபோல் சிக்கிவிடும். கிணற்றில் உருளையைச் சுழலவிட்டு வாளியை இறக்குங்கால், வாளி நீரைத் தொட்ட பின்னும் உருளை சுழன்று கயிறு தொய்வதும் இத்தன்மையதே. மிக இலேசான இரை நூற்கட்டையைச் சுழற்றவும் வல்லதன்று. ஆதலின் பழகுவோர் அரை அவுன்ஸ், அதாவது சுமார் 14 கிராமுக்குக் குறையாத எடையுடன் தொடங்குக.

வீசும் முறை

1. சுமார் 5 முதல் 6 அடி நீளமுள்ள கோலை வலக்கையிற் பிடித்து, ரீலின் கைப்பிடி மேல்நோக்குமாறு மணிக்கட்டைத் திருப்புக.

2. கோல் நுனியினின்றும் இரை அரைச் சாண் தொங்கட்டும். பெருவிரல் நூற்கட்டையின்மேல் அழுந்தியிருக்க வேண்டும்.

3. பின்புறம் எவருமில்லை என்பதைப் பார்த்தபின், கோலைத் தலைக்கு மேல் செங்குத்தாக உயர்த்தி, உடனே முன்னோக்கி வீசுக.

4. கோல் பாதி தாழ்ந்ததும் பெருவிரலின் அழுத்தத்தைத் தளர்த்துக. விரலை முழுவதும் எடுத்துவிடலாகாது. இரை நீரைத் தொடும் கணத்தில் மீண்டும் அழுத்துக.

5. கோலை இடக்கைக்கு மாற்றி நூலைச் சுற்றுக. நூலை ஒழுங்காகப் பரப்பும் பொறி பழைய ரீல்களில் இல்லாமையால், இடக்கை விரல்களால் நூலைப் பக்கத்திற்குப் பக்கம் நகர்த்திச் சீராகச் சுற்றுதல் அவசியம்.

ஒரே இடத்தில் நூல் குவியுமாயின் அடுத்த வீச்சிலேயே சிக்கும். முதலில் முள்ளின்றி, சிறு ஈயக்குண்டைக் கட்டி வெட்டவெளியிற் பழகுவது உத்தமம்.

பாதுகாப்பு

நெடுநாள் கிடந்த ரீலைப் பிரித்து, உறைந்த எண்ணெயை மண்ணெண்ணெயாற் கழுவித் துடைத்தபின், அச்சுகளுக்குத் தையல் இயந்திர எண்ணெய் ஒரு துளி இடுக. தேங்காயெண்ணெய், விளக்கெண்ணெய் முதலியவை நாளடைவிற் பிசினாகிச் சுழற்சியைக் கெடுக்கும். ரீலை மணலில் வைத்தல் கூடாது. ஒரு மணல் துகளும் பற்களைத் தேய்த்துவிடும்.

ரீலில் பழைய பட்டுநூல் இருப்பின் அதனை நம்பலாகாது. பட்டு ஈரத்தில் இற்றுப்போகும் தன்மையது. கையால் இழுத்துப் பார்த்து, அறுமாயின் புதுநூல் மாற்றுக. அறுந்த நூலோடும் வாயிற் பதிந்த முள்ளோடும் ஓடிய மீன் வீணே மடியக்கூடும். சிக்கலினின்று வெட்டியெடுத்த நைலான் நூலையும் ஏரிக்கரையிலே எறிந்துவிடலாகாது. அது எளிதில் மக்காது. பறவைகளின் காலிலும், மேயும் ஆடுமாடுகளின் வாயிலும் சிக்கித் துன்பம் விளைக்கும்.

பொது ஏரியாயின், மீன்பாசிக் குத்தகை பெற்றவரிடம் முன்னரே அனுமதி பெறுதல் முறை. எவ்வளவு உயர்ந்த ரீலாயினும் அதன் தடை வீசுவோன் பெருவிரலே ஆதலின், தொலைவை நாடுமுன் விரலைப் பழக்குவோரே நூலையும் மீனையும் காப்பவராவர்.