ஸ்கேனர் 'ஓகே' சொன்னால் போதுமா?

கேள்வி: மெயிலில் வந்த ஓர் இன்வாய்ஸ் ஃபைலை ஆன்டிவைரஸில் ஸ்கேன் செய்தேன். 'ஆபத்து இல்லை' என்றது. நம்பித் திறக்கலாமா?
– வாசகர், கரூர்

பதில்: பாதிதான் நம்பலாம். ஸ்கேனரின் முதல் வேலை, போலீஸ் ஸ்டேஷன் பலகையில் ஒட்டிய படங்களோடு முகத்தை ஒப்பிடுவது போன்றது. ஏற்கெனவே பிடிபட்ட வைரஸ்களின் அடையாளத் துணுக்குகள் உங்கள் ஃபைலில் இருக்கின்றனவா என்று தேடும். நேற்று எழுதப்பட்ட வைரஸுக்குப் படம் இருக்காதே! அதனால் நல்ல ஸ்கேனர்கள் நடத்தையையும் கவனிக்கின்றன. ஒரு வேர்டு ஃபைலுக்கு இணையத்திலிருந்து புரோகிராமை இறக்கும் வேலை எதற்கு?

ஃபைலின் பெயரையும் முழுதாகப் பாருங்கள். 2000 மே மாதம் உலகைக் கலக்கிய 'ஐ லவ் யூ' வைரஸ், '.டிஎக்ஸ்டி.விபிஎஸ்' என்று முடியும் பெயரோடு வந்தது. கடைசி மூன்றெழுத்தை விண்டோஸ் மறைத்துவிட, காதல் கடிதம் என்று பலர் திறந்துவிட்டார்கள். அந்த மறைப்பு இன்றும் உண்டு. எக்ஸ்ப்ளோரரின் 'வியூ' மெனுவில் 'ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்' என்பதை டிக் செய்துவிடுங்கள்.

இன்னும் சந்தேகமா? வைரஸ்டோட்டல் தளத்தில் ஏற்றினால் சுமார் 70 ஸ்கேனர்கள் ஒரே நேரத்தில் சோதிக்கும். ஆனால், ஏற்றியதைப் பாதுகாப்பு நிறுவனங்களும் பார்க்க முடியும். ஆதார், பேங்க் ஸ்டேட்மென்ட்டெல்லாம் அங்கே வேண்டாம்.

எல்லாவற்றுக்கும் முன்னால், அனுப்பியவருக்கு ஒரு போன் போடுங்கள். 'நான் அனுப்பவில்லையே' என்றால், ஸ்கேனர் என்ன சொன்னாலும் டெலீட் செய்துவிடுங்கள்.