வாழைக்குப் புடவை

கொல்கத்தாவின் கிழக்கு விளிம்பில் எழுந்த புதிய நகரம் நியூ டவுன். தந்தையின் பணி மாறுதலால் மதுரையிலிருந்து அங்குக் குடியேறிய சிறுமி ஒருத்திக்கு முதல் நவராத்திரி துயரமாகவே தொடங்கியது. கொலுப் பொம்மைகள் மதுரை வீட்டுப் பரணிலேயே தங்கிவிட்டன. வங்காள மொழியும் பிடிபடவில்லை.

ஏழாம் நாளாகிய சப்தமியன்று விடியலில் 'டாக்' என்னும் பெருமுரசு ஒலித்தது. அடுக்ககத்தார் சிலர் ஒரு வாழைக்கன்றைக் குளக்கரைக்குச் சுமந்து சென்றனர். சிறுமியும் தாயும் பின்தொடர்ந்தனர். வாழையுடன் நெல், மஞ்சள், சேம்பு, வில்வம், மாதுளை, அசோகு முதலிய எட்டுத் தாவரங்கள் சேர்த்துக் கட்டப்பட்டிருந்தன. இதுவே நவபத்திரிகை. அதனை நீராட்டி, செங்கரையிட்ட வெண்புடவை உடுத்தி, பந்தலில் பிள்ளையாரின் அருகே நிறுத்தினர். துர்க்கையின் வடிவமாகிய அதனைப் பிள்ளையாரின் மனைவி என்று கருதுவோரும் உளர்.

சிறுமி திகைத்தாள். அவள் அறிந்த பிள்ளையார் அரசமரத்தடியில் தனித்தே அமர்ந்திருப்பவர்.

"எங்கள் ஊரில் இவருக்குத் திருமணமே ஆகவில்லை, பாட்டி" என்று அருகில் நின்ற மூதாட்டியிடம் அரைகுறை இந்தியில் கூறினாள்.

மூதாட்டி வாய்விட்டுச் சிரித்தார். அவள் கைநிறைய மலர்களை இட்டு, "ஒஞ்சொலி" என்றார். அது 'அஞ்சலி'தான் என்பது சற்று நேரம் கழித்தே அவளுக்கு விளங்கியது. வங்காளத்தில் அவளுக்குப் புரிந்த முதற்சொல் அது.

நவமியன்று மூதாட்டி அவள் இல்லம் வந்தார். அடுக்கிய நூல்களுக்குச் சந்தனம் இடப்படுவதைக் கண்டு, "சரசுவதி பூசை குளிர்காலம் முடியும் வேளையில் அல்லவா வரும்?" என வியந்தார். சிறுமி சுண்டலை நீட்டியவாறு விளக்கத் தொடங்கினாள்.

எழுதுக: உங்கள் இல்லத்து வழக்கங்களுள் அண்டை வீட்டார் வியந்து கேட்ட ஒன்றனைப் பற்றி ஐந்து தொடர்களில் எழுதுக.