டீலர் மேல் பழி போடாதீர்கள்

லாஸ் வேகாஸ் போய்த் திரும்புகிற நம்மவர்கள் பலரிடம் ஒரே புலம்பல்: “கையில் ரெண்டு ஏஸ் சார். கடைசிச் சீட்டில் எதிராளிக்கு மூணாவது கிங் விழுந்துடுச்சு. எல்லாம் டீலர் வேலை. கேசினோக்காரன் ஜெயிக்க விடுவானா?” நிகழ்தகவு நடத்துகிற வாத்தியார் நான். இதைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

போக்கரில் கேசினோ ஆடுவதே இல்லை. ரூலெட்டில் எதிராளி கேசினோ. இரட்டைப் பூஜ்யச் சக்கரத்தில் 100 டாலர் கட்டினால் சராசரியாக 5.26 டாலர் அதற்குப் போகும். போக்கர் மேசையிலோ ஒன்பது பேர் தங்களுக்குள் மோதிக்கொள்கிறார்கள். கேசினோவுக்கு வருவது ‘ரேக்’ என்கிற கமிஷன்: பெரும்பாலும் குவிந்த பணத்தில் 10 சதவீதம், அதற்கும் சில டாலர் உச்சவரம்பு. ஏஸ் ஜெயித்தாலும் கிங் ஜெயித்தாலும் அதே கமிஷன்தான். அப்புறம் உங்களைத் தோற்கடித்து அதற்கு என்ன ஆகப்போகிறது?

டீலரின் கையைப் பாருங்கள். புதுக் கட்டைப் பிரித்தால் முகம் தெரிய விரித்துக் காட்டுகிறார். கவிழ்த்துப் பரப்பி இரண்டு கையாலும் அளைகிறார். கலைத்து, வெட்டி, அடிச்சீட்டு தெரியாதபடி பிளாஸ்டிக் அட்டை ஒன்றைக் கீழே கொடுக்கிறார். எல்லாருக்கும் பொதுவான சீட்டுகளைத் திறக்குமுன் ஒவ்வொரு முறையும் மேல்சீட்டைக் கழிக்கிறார். பல மேசைகளில் கலைப்பதே இயந்திரம்தான். தலைக்கு மேல் கேமரா. அரை மணிக்கொரு தரம்போல ஆளும் மாறிவிடுவார். அவர் நம்பியிருப்பது ஜெயித்தவர் தரும் டிப்ஸை. அது நீங்களாக இருந்தாலும் அவருக்குச் சந்தோஷமே.

இனி கணக்கு. இரண்டு ஏஸும் இரண்டு கிங்கும் மோதினால் ஏஸ் 100-க்கு ஏறக்குறைய 82 தடவை ஜெயிக்கும். அப்படியானால் சராசரியாக ஐந்தாறு தடவைக்கு ஒரு தடவை தோற்கும். ஜெயித்ததெல்லாம் மறந்துபோகிறது, தோற்ற ஒன்று சதியாகிவிடுகிறது. உண்மையில் உங்கள் பையைக் கரைப்பது ரேக். ஆட்டத்துக்கு 4 டாலர், மணிக்கு 30 ஆட்டம் என்று வையுங்கள்: மணிக்கு 120 டாலர் மேசையைவிட்டே போய்விடுகிறது. தலைக்கு 13 டாலர். அதை யாரும் கணக்குப் பார்ப்பதில்லை.

மற்ற கதைகள்:

‘எல்லாரும் கறுப்புக் கண்ணாடியோடு ஊமையாக உட்கார்ந்திருப்பார்கள்.’ வெள்ளிக்கிழமை ராத்திரி போய்ப் பாருங்கள். சிப்ஸ் உரசும் சத்தம் ஓயாது, டிவியில் மேட்ச், காலி இடத்துக்குப் பெயர் கூப்பிடும் மைக், அரட்டை.

‘சினிமாவில் வருவதுபோல வீட்டுப் பத்திரத்தைப் பந்தயம் வைக்கலாம்.’ முடியாது. சீட்டு போடும்போது மேசையில் இருந்த பணம் மட்டுமே அந்த ஆட்டத்துக்குச் செல்லும்.

‘கிறிஸ் மணிமேக்கர் 25 லட்சம் டாலர் அள்ளினாரே!’ 2003-இல் அவர் ஜெயித்த உலகப் போக்கர் போட்டியில் ஆடியவர்கள் 839 பேர். முதல் பரிசு ஒருவருக்குத்தான்.

இந்தக் குழப்பத்துக்கெல்லாம் வேர் நம் வகுப்பறையில் இருக்கிறது. 52 சீட்டில் ராஜா வர வாய்ப்பு 1/13 என்று எழுதி மார்க் வாங்குகிறோம். ஒரு கட்டைக் கலைத்துப் பார்த்த மாணவர் எத்தனை பேர்? ஆசிரியர்களே, கட்டை வகுப்புக்குக் கொண்டுவாருங்கள். நூறு தடவை எடுக்கச் சொல்லி, வந்ததைக் குறிக்கச் சொல்லுங்கள். சீட்டைத் தொட்டால் பிள்ளைகள் கெட்டுவிடுவார்கள் என்று பெற்றோர் பயப்பட வேண்டாம். அதிர்ஷ்டம் எப்படி நடந்துகொள்ளும் என்று பதினைந்து வயதில் பார்த்துவிட்ட பிள்ளை, பிற்பாடு எந்த மேசையிலும் எளிதில் ஏமாறாது.