எந்தப் படிகம் நிலைக்கும்? முன்கூட்டியே சொல்பவருக்கே மவுசு!

ஃபார்மா வேலை என்றால் பலருக்கும் மெடிக்கல் ரெப், க்யூசி, புரொடக்‌ஷன் மூன்றுதான் கண்ணில் படும். கூட்டமும் அங்கேதான். எம்.ஃபார்ம் அல்லது எம்.எஸ்சி. கெமிஸ்ட்ரி முடித்தவரா நீங்கள்? அப்படியானால் சாலிட் ஃபார்ம் டெவலப்மென்ட் பக்கம் திரும்பிப் பாருங்கள். ஒரு மருந்து மூலக்கூறை, நோயாளி விழுங்கும் நாள்வரை மாறாமல் இருக்கும் திடப்பொருளாக்குவதே அங்கே வேலை. ஹைதராபாத், பெங்களூரு, அகமதாபாத் ஆர் அண்ட் டி சென்டர்களில் இதற்கென்றே டீம்கள் இருக்கின்றன.

அங்கே உங்களை உயர்த்தப்போவது ஒரே ஒரு திறமை. ‘இந்தப் பொடி எப்போது, எதனால், எதுவாக மாறும்?’ என்பதை மற்றவர்களுக்கு முன்பே சொல்லத் தெரிய வேண்டும். அதை வளர்த்துக்கொள்ள ஆறு வழிகள்:

1. ரிட்டோனவிரை விரல்நுனியில் வைத்திருங்கள்

எச்.ஐ.வி. மருந்தான ரிட்டோனவிரை அபாட் நிறுவனம் 1996இல் சந்தைக்குக் கொண்டுவந்தது. 1998இல் சில பேட்ச் கேப்சூல்கள் டிசால்யூஷன் டெஸ்ட்டில் தோற்றன. அதுவரை யாரும் கண்டிராத, கரைதிறன் மிகக் குறைந்த இன்னொரு படிக வடிவம் உள்ளே பிரிந்திருந்தது. அதன் நுண்துகள் பரவிய இடங்களில் பழைய வடிவத்தைத் தயாரிப்பதே பெரும்பாடானது. கேப்சூல் வாபஸ் ஆனது. குளிர்பதனம் தேவைப்படாத மாத்திரை வர 2010 ஆனது. சந்தைக்கு வந்த பிறகும் ஒரு மருந்து வடிவம் மாறும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி இல்லை. இன்டர்வியூவில் பாலிமார்ஃப் ஸ்கிரீனிங் (ஒரே மருந்தின் வெவ்வேறு படிக வடிவங்களைத் தேடுவது) ஏன் என்று கேட்டால், டெஃபனிஷன் ஒப்பிக்காமல் இதிலிருந்து தொடங்குங்கள்.

2. ஒவ்வொரு வடிவத்தின் பலவீனத்தையும் தெரிந்துகொள்ளுங்கள்

நன்மைகளை எல்லா கேண்டிடேட்டும் சொல்வார்கள். நீங்கள் ரிஸ்க்கைச் சொல்லுங்கள். சால்ட் உருவாக, அமிலத்துக்கும் காரத்துக்கும் இடையே பிகேஏ வித்தியாசம் சுமார் 3 இருந்தால் நல்லது. ஆனால் ஹைட்ரோகுளோரைடு சால்ட் என்றால், இரைப்பையில் ஏற்கெனவே இருக்கும் குளோரைடு அது கரைவதைக் கட்டுப்படுத்தக்கூடும். உருவமற்ற அமார்ஃபஸ் வடிவம் வேகமாகக் கரையும். ஈரம் பட்டால் படிகமாகிவிடும் ஆபத்தும் உண்டு. ஹைட்ரேட் ஈரக்காற்றில் தாக்குப்பிடிக்கும். உலர்த்தும்போது நீரை இழக்கலாம். மெட்டாஸ்டேபிள் படிகம் நன்றாகக் கரையும். ஆனால் என்றாவது நிலையான வடிவத்துக்குத் தாவப் பார்க்கும்.

3. கிராஃபை நீங்களே படியுங்கள்

எக்ஸ்ஆர்பிடி (படிக அமைப்பு), டிஎஸ்சி (வெப்ப மாற்றம்), டிஜிஏ (எடை மாற்றம்), டிவிஎஸ் (ஈரம் உறிஞ்சுதல்). இந்த நான்கையும் ரெஸ்யூமேயில் வரிசையாகப் போடுவது யாருக்கும் எளிது. ஒன்றோடு ஒன்றைப் பொருத்திப் படிப்பவர்தான் தேர்வாகிறார். டிஎஸ்சியில் ஒரு பள்ளம் தெரிந்ததும் உருகுநிலை என்று சொல்லிவிடாதீர்கள். அதே வெப்பநிலையில் டிஜிஏயில் எடை குறைந்திருக்கிறதா என்று பாருங்கள். குறைந்திருந்தால், வெளியேறியது நீராகவோ சால்வென்ட்டாகவோ இருக்கலாம்.

4. கல்லூரி ப்ராஜெக்ட்டிலேயே ஆதாரம் சேருங்கள்

வலிப்பு மருந்தான கார்பமாஸெபைனை எடுத்துக்கொள்ளுங்கள். நீரற்ற வடிவத்தைத் தண்ணீரில் கலக்கிக்கொண்டே வைத்தால் டைஹைட்ரேட்டாக மாறும். நேரம் பிரித்து சாம்பிள் எடுங்கள். எக்ஸ்ஆர்பிடியில் புதிய பீக்குகளைக் குறியுங்கள். டைஹைட்ரேட்டின் நீரளவு கணக்குப்படி சுமார் 13.2 சதவீதம், டிஜிஏயில் உங்களுக்குக் கிடைத்த எடை இழப்பை அதோடு ஒப்பிடுங்கள். வித்தியாசம் வந்தால் காரணம் எழுதுங்கள். பத்து செமினார் சர்ட்டிஃபிகேட்டைவிட இந்த ஒரு பக்கம் கனமானது.

5. பிளான்ட் பக்கம் போய் வாருங்கள்

லேபில் ஜெயித்த படிகம் பிளான்ட்டில் தோற்கலாம். அரைக்கும்போது மேற்பரப்பு அமார்ஃபஸாகலாம். வெட் கிராணுலேஷனில் சேரும் நீர் ஹைட்ரேட்டை உருவாக்கலாம். வலுக்குறைந்த காரத்தின் சால்ட்டை, மெக்னீசியம் ஸ்டியரேட் போன்ற துணைப்பொருள் மீண்டும் காரமாக்கிவிடக்கூடும். 40 டிகிரி செல்சியஸ், 75 சதவீத ஈரப்பதம், 6 மாதம் என்ற ஆக்சிலரேட்டட் ஸ்டெபிலிட்டி டெஸ்ட்டில் இதெல்லாம் வெளியே வரும். அதற்கு முன்பே எச்சரிப்பவராக நீங்கள் இருங்கள். புரொடக்‌ஷன் ஆட்களோடு நல்லுறவு வைத்துக்கொள்ளுங்கள். எந்த இயந்திரத்தில் எந்தப் பொடி ஒட்டுகிறது என்பது அவர்களுக்குத்தான் முதலில் தெரியும்.

6. பேட்டன்ட் படிக்கும் பழக்கம் வேண்டும்

ரத்தப் புற்றுநோய் மருந்தான இமாடினிப் மெசிலேட்டின் பீட்டா படிகத்துக்கு நோவார்ட்டிஸ் கேட்ட பேட்டன்ட்டை, சென்னை பேட்டன்ட் அலுவலகம் 2006இல் நிராகரித்தது. 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றமும் மறுத்தது. அறிந்த பொருளின் புதிய வடிவத்துக்குப் பேட்டன்ட் வேண்டுமானால், நோயைக் குணப்படுத்தும் திறன் கூடியிருப்பதைக் காட்ட வேண்டும் என்று இந்தியப் பேட்டன்ட் சட்டத்தின் 3(டி) பிரிவுக்கு நீதிமன்றம் பொருள் சொன்னது. கம்பெனிக்கு ஒரு புதிய படிகம் அறிவியல் மட்டுமல்ல, சொத்தும்கூட. அதன் சட்ட மதிப்பையும் சேர்த்துப் பேசும் விஞ்ஞானியை மேனேஜ்மென்ட் தேடி அழைக்கும்.

மீட்டிங்கில் எப்படிப் பேசுவது?

முதல் வரியிலேயே பரிந்துரையைச் சொல்லுங்கள்: எந்த வடிவம், ஏன். அடுத்து அதன் பெரிய ரிஸ்க். பிறகு அதைச் சமாளிக்கும் திட்டம். டேட்டாவை அதன்பின் காட்டலாம். கெட்ட செய்தியைத் தள்ளிப்போடாதீர்கள். இரண்டாவது வடிவம் ஒன்று தலைகாட்டினால் அன்றைக்கே ரிப்போர்ட் செய்யுங்கள். ஆரம்பத்தில் சொன்னால் அது கண்டுபிடிப்பு. மனிதர்களுக்குக் கொடுத்துச் சோதிக்கும் கட்டத்துக்குப் பிறகு தெரியவந்தால், ஆண்டுக்கணக்கான உழைப்பே ஆட்டம் காணும்.

இந்த வாரமே உங்களுக்குத் தெரிந்த ஒரு மாத்திரையை எடுங்கள். அதன் மருந்து சால்ட்டா, ஹைட்ரேட்டா, நீரற்ற படிகமா என்று தேடுங்கள். அந்த வடிவத்தை ஏன் தேர்ந்தார்கள் என்று அரைப் பக்கம் எழுதுங்கள். வாரம் ஒரு மாத்திரை என்று தொடர்ந்தால், அடுத்த இன்டர்வியூவில் உங்களிடம் மனப்பாடம் இருக்காது, சொந்தக் கருத்து இருக்கும்.