முதுமையும் குடல்வால் நோயும்

சென்ற ஆண்டு ஐப்பசித் திங்களில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாங்காட்டிலுள்ள எம் பாட்டனார் ஆராதனைக்குச் செல்லாது திண்ணையிற் படுத்திருந்தார். அவருக்கு வயது 74. அடைமழையிலும் குடைபிடித்து நடந்தே செல்லும் வழக்கமுடைய அவர் அன்று செல்லாமை ஒன்றே எங்களுக்குப் போதிய அறிகுறியாயிருந்திருத்தல் வேண்டும். “வயிறு பொருமலாக இருக்கிறது தம்பி, வாயுவாக இருக்கும்” என்றார். பாட்டியார் ஓமக் கஷாயம் காய்ச்சிக் கொடுத்தார். அண்டை வீட்டார் ஒருவர் விளக்கெண்ணெய் நல்லது என்றார், அதனையும் கொடுத்தோம். காய்ச்சல் பார்த்தபோது 99 பாகையே இருந்தது. செவ்வாய்க்கிழமை மாலை வயிறு பலகைபோல் இறுகிவிட, 108 வண்டியில் சென்னைக்குக் கொண்டுசென்றோம். குடல்வால் அழுகி வெடித்துச் சீழ் பரவியுள்ளது என்று டாக்டர் கூறியபோது, அஃது இளைஞர்க்கன்றோ வரும் நோய் என்று யான் திகைத்தேன். அத்திகைப்பே இக்கட்டுரைக்கு விதை.

குடல்வால் என்பது பெருங்குடலின் தொடக்கத்தில், வயிற்றின் வலப்புறக் கீழ்ப்பகுதியில், மூன்று நான்கு அங்குல நீளமுள்ள புழுவைப்போல் தொங்கும் ஒரு குழாய். அதற்கு ஒரு முனையே திறப்பு. மறு முனை மூடியது. இறுகிய மலத்துணுக்கோ பிறிதொன்றோ அத்திறப்பை அடைத்துவிடின், உள்ளே சுரக்கும் நீர் வெளியேற வழியின்றித் தேங்கும். குழாய் வீங்கும், வீக்கத்தால் இரத்தக் குழல்கள் நெரிபடும், இரத்தம் பெறாத பகுதி அழுகும், கிருமிகள் பெருகும், இறுதியில் சுவர் பொத்துக்கொள்ளும். இவ்வளவும் பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று நாட்களுக்குள் நிகழ்ந்துவிடுகின்றன.

இந்நோய்க்குத் தனிப்பெயர் வாய்த்தது அண்மைக் காலத்தேதான். நம் முன்னோர் கடும் வயிற்றுவலி பலவற்றையும் ‘சூலை’ என்னும் ஒரு சொல்லால் அடக்கினர். திருநாவுக்கரசர் உற்ற சூலையும் இதுவோ என நண்பர் ஒருவர் என்னை வினவினார். புராணச் செய்தியைக் கொண்டு நோய் துணிதல் நம்மால் ஆகாது என்று விடுத்தேன். யாழ்ப்பாணத்து மானிப்பாயில் தமிழ்மொழியிலேயே மேனாட்டு மருத்துவம் பயிற்றிய மிஷன் வைத்தியர் சாமுவேல் கிறீன் 1884-ஆம் ஆண்டில் இறந்தார். அவர் பிறந்த மாசசூசெட்ஸ் மாநிலத்தைச் சேர்ந்த ரெஜினால்ட் பிட்சு என்பார், இரண்டாண்டு கழித்து 1886-இல், நோயின் தோற்றுவாய் குடல்வாலே என நிறுவி அதற்குப் பெயரிட்டார். தமிழுக்காக அத்துணை உழைத்த கிறீனார் இன்னும் சில ஆண்டு வாழ்ந்திருப்பின் இதற்கும் நற்றமிழ்ப் பெயரொன்று அப்பொழுதே கிடைத்திருக்கும் என்று எண்ணுகின்றேன்.

இளைஞரிடத்து இந்நோய் பெரும்பாலும் ஒழுங்கு தவறாமல் நடக்கும். முதலில் கொப்பூழைச் சுற்றி வலி. பின்பு உணவில் வெறுப்பு, குமட்டல். சில மணி நேரத்தில் வலி வலப்புறம் கீழே இறங்கி ஓரிடத்தில் நிலைபெறும். மெல்லிய காய்ச்சலும் உடன்வரும். வலி இடம் பெயர்வதற்குக் காரணம் உண்டு. குடல்வாலின் நரம்புகள் கொப்பூழ்ப் பகுதியின் நரம்புகளோடு ஒருங்கே தண்டுவடத்தை அடைதலின், மூளை முதலில் இடம் மாறி உணர்கின்றது. அழற்சி வயிற்றின் உட்சவ்வைத் தொட்டபின்னரே உண்மை இடம் தெரிகின்றது.

முதியோரிடத்தோ இவ்வொழுங்கு குலைகின்றது. வலி மந்தமாயிருக்கும், காய்ச்சல் ஏறாமலும் இருக்கலாம், இரத்தத்தில் வெள்ளணுக்கள் மிகாமலும் இருக்கலாம். நீரிழிவு உடையார்க்கும், மூட்டுவலிக்கு நாடோறும் மருந்து உண்பார்க்கும் அறிகுறிகள் இன்னும் மறைவுபடும். புறத்தே இவ்வாறு அமைதி நிலவ, அகத்தே நோய் விரைந்து செல்லும். முதுமையில் குடல்வாலின் துவாரம் சுருங்கியும், சுவர் மெலிந்தும், இரத்தக் குழல்கள் தடித்தும் இருத்தலால், இளைஞருக்கு இரண்டு நாளில் ஆவது இவர்க்கு ஒரு நாளில் ஆகிவிடக்கூடும். மெதுவாகப் பேசும் நோய் மெதுவாக நடக்கும் என்று நாங்கள் எண்ணியதே எங்கள் பிழை. விளக்கெண்ணெய் அதனினும் பெரும்பிழை. காரணம் அறியாத வயிற்றுவலியிற் பேதிமருந்து கொடுத்தால், குடல் வலிந்து அசைந்து, வீங்கிய குடல்வால் வெடித்தற்கு ஏதுவாகும் என்று மருத்துவ நூல்கள் நெடுங்காலமாக எச்சரித்து வருகின்றன.

வெடித்தபின் வருவன பல. சிலர்க்குச் சுற்றியுள்ள குடலும் கொழுப்புச் சவ்வும் சூழ்ந்து அணைகோலுதலால் சீழ் ஓரிடத்திற் கட்டியாய் அடங்கும். சிலர்க்கு வயிறு முழுதும் பரவும். குடல் அசைவற்று நிற்கும். கிருமிநஞ்சு இரத்தத்திற் கலந்து சிறுநீரகமும் இதயமும் தளரும். அறுவைக்குப் பின்னரும் நுரையீரற் சளி, காலின் இரத்தக் குழலில் உறைகட்டி, புண்ணிற் சீழ் எனத் தொல்லைகள் உள. ஆதலின் மறுநாளே எழுப்பி நடக்கச் செய்கின்றனர். இன்னொன்றும் கூறல் வேண்டும்: முதியோரிற் சிலர்க்குப் பெருங்குடலின் தொடக்கத்தில் உள்ள புற்றே குடல்வாலை அடைத்திருக்கும். எனவே நோய் தணிந்தபின் குடலை உள்நோக்கிப் பார்த்தலும் வழக்கமாயிற்று.

வயது முதிர்ந்தோர்க்கு வந்ததற்கு உலகறிந்த சான்றுகள் இரண்டு உள. இங்கிலாந்து மன்னர் ஏழாம் எட்வர்டுக்கு 1902 ஜூன் 26-ஆம் தேதி முடிசூட்டு விழா குறித்திருந்தது. அறுபது வயதினராகிய அவர் வலியை மறைத்து விழாவை நடத்த எண்ணினார். இரண்டு நாள் முன்னர், 24-ஆம் தேதி, பிரடரிக் டிரீவ்சு என்னும் இரண வைத்தியர் சீழ்க்கட்டியைக் கீறி வடித்தார், குடல்வாலை அகற்றவில்லை. ஆகஸ்டு 9-ஆம் தேதி மன்னர் முடிசூடினார்.

மற்றொருவர் காந்தியடிகள். எரவாடாச் சிறையில் இருந்த அவருக்கு 54 வயதில் இந்நோய் கண்டது. 1924 ஜனவரி 12-ஆம் தேதி இரவு, பூனா சாசூன் ஆஸ்பத்திரியில் கர்னல் மேடக் அறுவை செய்தார். அதற்குமுன் காந்தியடிகள் தம் நண்பராக அருகழைத்துக்கொண்டவருள் ஒருவர் நம் வலங்கைமான் சீனிவாச சாஸ்திரியார். அரசியலில் இருவர்க்கும் கருத்து வேற்றுமை மிகுதி. ஆயினும் அறுவைக்கு உடன்படும் அறிக்கையை எழுதியவர் சாஸ்திரியார். நடுங்கும் கையாற் பென்சில் கொண்டு ஒப்பமிட்டவர் அடிகள். அறுவை நடக்கையில் மின்விளக்கு அணைந்துபோக, அரிக்கன் விளக்கொளியில் அதனை முடித்தனர். பிப்ரவரி 5-ஆம் தேதி அரசாங்கம் அவரை விடுதலை செய்தது. எனினும் மார்ச்சு மாதம் வரை அவர் ஆஸ்பத்திரியை விட்டு நீங்க இயலவில்லை. கிருமிக்கொல்லி மருந்துகள் தோன்றாத காலம் அது என்பதை நினைவிற் கொள்க.

இக்காலத்தில் உடலைக் குறுக்கே கூறுகூறாகப் படம்பிடிக்கும் சி.டி. ஸ்கேன் ஐயத்தை விரைவில் தீர்க்கின்றது. ஜெர்மானியர் குர்ட் செம் 1980-இல் சிறு துளைகள் வழியே குழல் செலுத்திக் குடல்வாலை அகற்றிக் காட்டியபின், பெருங்கீறலும் பலர்க்கு வேண்டாதாயிற்று. வெடிக்காத நோயைக் கிருமிக்கொல்லியாலேயே தணித்தலும் உண்டு. ஆனால் 2020-இல் வெளிவந்த அமெரிக்க ஆராய்ச்சி ஒன்றில், அவ்வாறு தணித்தவருள் பத்துப்பேரில் ஏறக்குறைய மூவர்க்கு மூன்று மாதத்திற்குள் அறுவை வேண்டியதாயிற்று.

எம் பாட்டனார் பதினெட்டு நாள் கிடந்து பிழைத்தார். அந்த ஞாயிறன்று அவர் வலக்கையால் வயிற்றைப் பற்றிக் குனிந்து நடந்ததை யான் கண்டேன். மறுநாட் பரீட்சையை நினைந்து ஒன்றும் வினவாது புத்தகத்தை விரித்துக்கொண்டேன். இதனை அவரிடம் சொன்னபோது, “பரீட்சை எப்படி எழுதினாய்?” என்றுதான் கேட்டார். இப்பொழுது மீண்டும் ஆராதனைக்கு நடந்து செல்கின்றார். பாதி வழியில் ஒரு கடைத் திண்ணையில் அமர்ந்து இளைப்பாறுதல் மட்டும் புதிது.