‘ரன்’ என்றால் ‘ஓடு’ மட்டும்தானா?

இந்த இதழுக்கு ஒரே ஒரு ஆங்கிலச் சொல்லை எடுத்துக்கிட்டேன்: ரன். எல்.கே.ஜி. புத்தகத்துல படம் போட்டுச் சொல்லிக்கொடுத்த சொல். ஒரு பையன் ஓடுவான், கீழே மூணு எழுத்து இருக்கும். தமிழ் மீடியமோ இங்கிலீஷ் மீடியமோ, அர்த்தம் கேட்டா எல்லாரும் யோசிக்காம ‘ஓடு’ன்னு சொல்லிடுவோம்.

ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதிக்காரங்களால அவ்வளவு சீக்கிரம் சொல்ல முடியலை. 1989-ல் வந்த இரண்டாம் பதிப்பில் அதிக அர்த்தங்கள் கொண்ட சொல் ‘செட்’. வினைச்சொல்லாக மட்டும் அதுக்குச் சுமார் 430. மூன்றாம் பதிப்புக்காகத் திருத்தி எழுதும்போது ‘ரன்’ அதைத் தாண்டிப் போயிடுச்சு. வினைச்சொல்லுக்கு மட்டும் 645 அர்த்தங்கள்! பீட்டர் கில்லிவர் என்ற அகராதி ஆசிரியர் இந்த ஒரு சொல்லோடு ஒன்பது மாதம் உட்கார்ந்திருந்தார். நாம ஒரு செமஸ்டர் ப்ராஜெக்டையே கடைசி ரெண்டு வாரத்துலதான் தொடறோம், அது வேற விஷயம்.

645-ஐயும் மனப்பாடம் பண்ணுங்கன்னு சொல்ல வரலை. பிளேஸ்மென்ட் சீசன் வந்தாலே குரூப்ல ‘சினானிம்’ பிடிஎஃப்கள் சுத்த ஆரம்பிச்சிடும். அதுல ரன் போட்டு, ஈக்குவல் டு போட்டு, ஸ்பிரின்ட், ஃப்ளோ, ஆபரேட், மேனேஜ், எக்ஸிக்யூட்னு வரிசையா அடுக்கியிருப்பாங்க. எனக்கு அந்த ஈக்குவல் டு மேலதான் கோபம். கணக்குல ஈக்குவல் டு போட்டா ஒண்ணை எடுத்துட்டு இன்னொண்ணை வைக்கலாம். இங்கே வெச்சுப் பாருங்க. ‘த மோட்டார் ரன்ஸ் அட் 1440 ஆர்பிஎம்’ சரி. ஆபரேட்ஸ் போட்டாலும் தாங்கும். ‘எக்ஸிக்யூட்ஸ்’ போட்டா? ‘மேனேஜஸ்’ போட்டா? அந்த மோட்டார் கையில ஃபைல் வெச்சிக்கிட்டு ஆபீஸ் போற மாதிரி ஆயிடும்.

அப்போ எந்த இடத்துல எந்த அர்த்தம்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது? ஓடுறது யாரு, எதுன்னு பாருங்க. மனுஷன் ஓடினா கால். தண்ணி ஓடினா ஃப்ளோ. ப்ரோகிராம் ஓடினா எக்ஸிக்யூட். கடை ஓடினா மேனேஜ். அர்த்தம் பாதிக்கு மேல பக்கத்துல நிக்கிற சொல்லுலதான் இருக்கு.

நம்ம டிபார்ட்மென்ட்டுகளுக்குள்ளேயே இதைப் பார்க்கலாம். ட்ரிபிள் ஈ-காரங்க லேப்ல ‘கெபாசிட்டர் ஸ்டார்ட் கெபாசிட்டர் ரன்’ மோட்டார் படிச்சிருப்பீங்க. ஸ்டார்ட் கெபாசிட்டர் மோட்டாரைக் கிளப்பி விடும். வேகம் பிடிச்சதும் சென்ட்ரிஃப்யூகல் சுவிட்ச் அதை சர்க்யூட்டிலிருந்து வெட்டிடும். ரன் கெபாசிட்டர் மோட்டார் ஓடுற வரைக்கும் கூடவே இருக்கும். இங்கே ரன்னுக்கு வேகம்கிற அர்த்தமே கிடையாது. நிலையா இயங்கிக்கிட்டு இருக்கிறதுன்னு அர்த்தம். வீட்டு ஃபேன்ல இருக்கிற கெபாசிட்டரும் இந்த ரன் வகைதான். சிவில்காரங்க சைட்ல ‘ரன்னிங் ஃபீட்’ கணக்குல விலை பேசுறதைக் கேட்டிருப்பீங்க. அகலம், உயரம் பார்க்காம நீளத்தை மட்டும் அளக்கிறது அது. அங்கே எதுவும் நகரவே இல்லை, ஆனாலும் ரன்! கம்ப்யூட்டர் சயின்ஸுக்கு ‘ட்ரை ரன்’. கோடை மெஷின்ல போடாம பேப்பர்ல ஒவ்வொரு வரியா நடத்திப் பார்க்கிறது. இதுக்குப் பக்கத்துல வர்ற தமிழ்ச் சொல் ஒண்ணு இருக்கு: வெள்ளோட்டம். புதுசா செஞ்ச கோயில் தேரைத் திருவிழாவுக்கு முன்னாடி இழுத்துப் பார்ப்பாங்களே, அது. என்னைக் கேட்டா ‘சோதனை ஓட்டம்’கிறதை விட வெள்ளோட்டம் நல்லா இருக்கு.

தமிழ் மீடியத்துல படிச்சுட்டு வந்த ஜூனியர்களுக்காக ஒரு விஷயம் சொல்லணும். முதல் வருஷம் உங்கள்ல நிறைய பேர் இங்கிலீஷ் க்ளாஸ்ல கடைசி பெஞ்சுல போய் உட்கார்றீங்க. ‘எங்களுக்கு வொகாபுலரி இல்லை’ன்னு சொல்றீங்க. ஆனா ‘ரன்’ பண்ற வேலையில பாதியை ‘ஓடு’ ஏற்கெனவே பண்ணுது, அதை நீங்க பொறந்ததுலேர்ந்து தப்பில்லாம பேசிக்கிட்டு இருக்கீங்க. பஸ் ஓடுது, கடிகாரம் ஓடுது, தியேட்டர்ல படம் ஓடுது, மனசுல ஏதோ ஓடுது, காலம் ஓடுது. வண்டி ஓட்டறோம், ஏர் ஓட்டறோம், தறி ஓட்டறோம், சம்பளத்துல மாசத்தை ஓட்டறோம், ஹாஸ்டல்ல ஒருத்தனை வெச்சு ராத்திரி முழுக்க ஓட்டறோம். எந்த ‘ஓட்டு’ எந்த அர்த்தம்னு யாராவது டேபிள் போட்டுச் சொல்லிக்கொடுத்தாங்களா? பக்கத்துச் சொல்லைப் பார்த்துப் புரிஞ்சுக்கிட்டீங்க. ரன்னுக்கும் அதே மூளைதான் வேணும்.

நான் இங்கிலீஷ் மீடியம். ‘கரன்ட்’னா கரன்ட், அவ்வளவுதான். தமிழ் மீடியத்துல படிச்ச என் லேப் மேட் ஒரு நாள் ‘மின்னோட்டம்’னு சொன்னப்பதான் அந்தச் சொல்லுக்குள்ள ஒரு ஓட்டம் இருக்கிறதே கண்ணுல பட்டுது. அப்புறம் தேடிப் பார்த்தா, ‘கரன்ட்’டும் அதே கதைதான். ஓடு என்று பொருள் தரும் ‘குர்ரேரே’ங்கிற லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. கர்சர், கோர்ஸ், கரிகுலம், காரிடார், கூரியர் எல்லாமே அந்த வேர்தான். நம்ம காலேஜ்ல பாதிச் சொல் ஓடிக்கிட்டேதான் இருக்கு, நாமதான் கேன்டீன்ல உட்கார்ந்திருக்கோம்.

ஆனா எல்லா இடத்துலயும் ரெண்டு மொழியும் ஒண்ணா ஓடாது. அங்கேதான் ஜாக்கிரதை வேணும். ஆங்கிலத்துல ஒருத்தர் ஹோட்டலை ‘ரன்’ பண்றார். தமிழ்ல அவர் ஹோட்டல் ‘நடத்து’றார். அவங்க ஓட வைக்கிறதை நாம நடக்க வைக்கிறோம். வியாபாரம் சூடு பிடிச்சாத்தான் ‘கடை நல்லா ஓடுது’ம்போம். அரசுப் பேருந்துல பாருங்க, ஒருத்தர் ஓட்டுநர், இன்னொருத்தர் நடத்துநர். அந்த ‘கண்டக்ட்’டும் லேசுப்பட்டதில்லை. பரீட்சையை கண்டக்ட் பண்ணா நடத்துறது. செம்புக் கம்பி கண்டக்ட் பண்ணா கடத்துறது. காய்ச்சல் ஆங்கிலத்துல ஓடும், நமக்கு அடிக்கும். மூக்கு அங்கே ஓடும், இங்கே ஒழுகும். தேர்தல்ல அமெரிக்கர்கள் ஓடுறாங்க, பிரிட்டிஷ்காரங்க நிக்கிறாங்க, நாமளும் நிக்கிறோம். கிரிக்கெட்ல நாம ‘ரன்’னை அப்படியே வெச்சுக்கிட்டோம். இலங்கைத் தமிழ்ப் பத்திரிகைகள் ‘ஓட்டங்கள்’னு எழுதும். பவுண்டரி அடிச்சுட்டு நின்ன இடத்துலேயே நின்னாலும் நாலு ஓட்டம்தான்!

இன்னொரு ஆபத்து, பின்னாடி ஒட்டிக்கிற குட்டிச் சொற்கள். ‘ரன் அவுட்’ கிரிக்கெட்ல ஒரு அர்த்தம். பெட்ரோல் ரன் அவுட் ஆனா தீர்ந்துபோச்சு. ‘ரன் இன்டு’ன்னா தற்செயலா ஒருத்தரைப் பார்க்கிறது. ‘ரன் ஓவர்’னா வண்டி ஏத்திடுறது. இன்டர்வ்யூல ‘ஐ ரேன் இன்டு மை ப்ரொஃபசர்’னு சொன்னா நல்ல நினைவு, ‘ரேன் ஓவர்’னு சொன்னா போலீஸ் கேஸ்.

சரி, சினானிமுக்கு வருவோம். இப்போ ரிப்போர்ட் எழுதுற நேரம். ப்ளேஜியரிசம் சதவீதம் குறையணும்னு நம்ம பேட்ச்ல பல பேர் பாராஃப்ரேஸ் டூல்ல பத்தியைப் போட்டு எடுக்கிறாங்க. அந்த மாதிரி டூல் பண்றது அந்த ஈக்குவல் டு வேலையைத்தான். 2021-ல் கியோம் கபனாக், சிரில் லாபே, அலெக்சாண்டர் மகாசினோவ் என்ற மூணு ஆராய்ச்சியாளர்கள், ஏற்கெனவே வெளியான ஆய்வுக் கட்டுரைகளிலேயே இப்படி மாத்தப்பட்ட சொற்களைக் கண்டுபிடிச்சாங்க. ஆர்ட்டிஃபிஷியல் இன்டெலிஜென்ஸ், ‘கவுன்டர்ஃபீட் கான்ஷியஸ்னஸ்’ ஆகியிருந்தது. அதாவது கள்ளநோட்டு மாதிரி கள்ள உணர்வு! பிக் டேட்டா, ‘கலோசல் இன்ஃபர்மேஷன்’. இதுக்கெல்லாம் அவங்க வெச்ச பேர் ‘டார்ச்சர்ட் ஃப்ரேஸஸ்’, சித்திரவதைப்பட்ட சொற்றொடர்கள். ஒவ்வொரு சொல்லும் அகராதிப்படி சினானிம்தான். சேர்த்துப் படிச்சா எழுதினவருக்கு அந்தத் துறையே தெரியாதுன்னு காட்டிக்கொடுத்துடும். வைவாவில் எக்ஸ்டெர்னல் அந்த வரியில பேனாவை வெச்சு ‘இது என்னப்பா?’ன்னு கேட்டா டூல் வந்து பதில் சொல்லாது.

அதனால ரிப்போர்ட்ல சிமுலேஷனை ‘ரன்’ பண்ணுங்க, அதையே பத்து தடவை எழுதினாலும் பரவாயில்லை. டெஸ்ட்டை ‘கண்டக்ட்’ பண்ணலாம். லேத்தை ஆள் நின்னு ‘ஆபரேட்’ பண்றார். கோடு ‘எக்ஸிக்யூட்’ ஆகுது, டீமை ஒருத்தர் ‘மேனேஜ்’ பண்றார். கட்டுரைப் போட்டியில ஒரே சொல் திரும்பத் திரும்ப வந்தா மார்க் குறையலாம். டெக்னிக்கல் ரிப்போர்ட்ல சொல்லை மாத்தினா, படிக்கிறவர் வேற விஷயத்தைச் சொல்றீங்கன்னு நினைப்பார்.

கடைசியா உங்களுக்கு ஒரு சின்ன வேலை. ‘த பேட்டரி இஸ் ரன்னிங் லோ’, ‘த கலர் ரேன் வென் ஐ வாஷ்டு த ஷர்ட்’, ‘இட் ரன்ஸ் இன் த ஃபேமிலி’, ‘த ரோடு ரன்ஸ் அலாங் த லேக்’. நாலையும் உங்க வீட்டுல அம்மாகிட்ட பேசுற தமிழ்ல சொல்லிப் பாருங்க. ஒரு இடத்துல கூட ‘ஓடு’ வரக்கூடாது.