பொருநையில் ஒரு பகற்பொழுது: எங்கே இறங்குவது?

பால்டிக் கடலில் சிறு கப்பலேறி, காலையில் ஒரு தீவிலும் மாலையில் மற்றொரு தீவிலும் இறங்கி உலாவி வருகின்ற பிரயாணிகளைப் பற்றி வாசிக்குந்தோறும், பொதிகையில் பிறந்து புன்னைக்காயலில் சமுத்திரத்தோடு சங்கமமாகும் பொருநை என்னும் நம் தாமிரபரணியும், ஏறத்தாழ 128 கிலோமீட்டர் தூரத்துக்குள், அத்தகைய நாளொன்றைத் தரவல்லது என்ற எண்ணமே என் மனத்தில் மேலோங்குகிறது. ஒரு பகற்பொழுது மாத்திரமே கையிலுள்ளவர் மலையை நாடுவதா, நதியின் நடுவை நாடுவதா, முகத்துவாரத்தை நாடுவதா?

காரையாறு அணைக்கு மேலுள்ள பாணதீர்த்த அருவியைத் தரிசிப்பது பேரானந்தந்தான். ஆயினும் அது புலிகள் காப்பகத்துக்குள் இருப்பதால், வனத்துறையின் அனுமதி உண்டா என்று முன்னதாக விசாரித்து நிச்சயம் செய்துகொள்ளாமல் குழந்தை குட்டிகளோடு புறப்படலாகாது.

முதியவர்கள் உடன்வந்தால் குறுக்குத்துறையே உசிதம். அங்கே ஆற்றின் நடுவே பாறைமீது அமைந்த முருகன் கோயிலின் மேற்புறம், பிரவாகத்தைப் பிளந்து இருமருங்கும் ஒதுக்கும் பொருட்டு, ஓடத்தின் முகப்பைப்போலவே கூர்மையாகக் கட்டப்பட்டிருக்கிறது. வெள்ளம் ஏறும்போது உற்சவ மூர்த்தியைக் கரையிலுள்ள மேலக்கோயிலுக்கு எழுந்தருளச் செய்துவிடுவார்கள். பாறையோடு பாறையாயுள்ள மூலவரோ நீருக்குள்ளேயே இருந்துவிடுகிறார். 1992லும் 2023 டிசம்பரிலும் வந்த பெருவெள்ளங்களைத் தாங்கி நிற்கும் அந்தக் கற்சுவரை ஒருமுறை கையால் தொட்டுப் பாருங்கள்.

ஆனால் திடகாத்திரமுள்ளவர்க்கு நான் சிபாரிசு செய்வது முகத்துவாரமே. ஏரல், கொற்கை, ஆத்தூர் வழியே செல்லுங்கள். பாண்டியரின் முத்துத் துறைமுகமாயிருந்த கொற்கை இன்று கடலைக் காணாத சிற்றூராகி வயல்களுக்கிடையே கிடப்பதற்கு, நூற்றாண்டுகளாக இந்நதி சுமந்துவந்து கொட்டிய வண்டலே காரணம். அங்கே மடிந்த துறையைப் பார்த்துவிட்டுப் புன்னைக்காயலில் வள்ளம் ஏறினால்தான், நதி பல கிளைகளாகப் பிரிந்து இன்னமும் மண்ணை அடுக்கித் திட்டுகளை உண்டாக்கிக்கொண்டிருப்பது விளங்கும். அலையாத்தி மரங்களின் சுவாச வேர்கள் சேற்றிலிருந்து விரல் விரலாக எழும்பி நிற்க, அவற்றினிடையே சிறு நண்டுகள் ஓடி ஒளியும். இப்படி நிலம் பிறப்பதைக் கண்ணெதிரே காண்பதற்கு ஈடாக அருவியையும் நான் சொல்லமாட்டேன்.

ஐப்பசி, கார்த்திகை அடைமழையைத் தவிர்த்து, தை மாதத்துக்குப் பின் செல்லுங்கள். மீனவ அண்ணாச்சிமாரிடம் கடலின் நிலையைக் கேட்டு, அவர்கள் வேண்டாமென்றால் கரையிலேயே நின்றுவிடுங்கள். வெயிலேறுமுன் திரும்பினால், ஆத்தூரில் வெற்றிலைக் கட்டொன்று வாங்கிக்கொள்ளவும் பொழுதிருக்கும்.